எது எளிது, எதைக் கற்பது: கிட், மெர்க்குரியல், மற்றவை

பூச்சோங்கில் வளரும் பிள்ளைக்குக் கணினித் துறை தூரத்தில் இல்லை. எல்டிபி சாலையில் தெற்கே போனால் சைபர்ஜெயா. அங்கே மல்டிமீடியா பல்கலைக்கழகம். எல்ஆர்டி ஏறினால் கோலாலம்பூர் அலுவலகங்கள். எஸ்பிஎம் தேர்வு முடித்து டிப்ளோமாவுக்குக் காத்திருக்கும் பையனும் சரி, முதலாண்டுக் குழுப்பணியில் யாருடைய கோப்பு கடைசிக் கோப்பு என்று தெரியாமல் தவிக்கும் மாணவியும் சரி, மாலை வகுப்பில் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “சார், கிட் ரொம்பக் கஷ்டமாமே? வேற சுலபமா ஏதாவது இருக்கா?”

இருக்கிறது. கோப்புகளின் திருத்த வரலாற்றைக் காக்கும் கருவிகளில் கிட் ஒன்று மட்டுமே. மெர்க்குரியல் சுலபம். ஃபாசில் சுலபம். பஸார் அதைவிடச் சுலபமாக இருந்தது. ஆனாலும் கிட்டைத்தான் கற்கச் சொல்கிறேன். ஏன் என்பதையும், எந்த வரிசையில் கற்றால் பாரம் குறையும் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

சிரமம் எங்கிருந்து வருகிறது

இந்தக் கருவிகளைக் கற்கும்போது வரும் சிரமத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேலையின் தன்மையிலேயே உள்ள சிரமம் ஒன்று. எந்தக் கருவியை எடுத்தாலும் அது கூடவே வரும். கருவியை வடிவமைத்தவர்கள் சேர்த்துவிட்ட சிரமம் இன்னொன்று. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, தமக்கு மூளை போதவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கிய கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பிரிவினையை முதலிலேயே வைக்கிறேன்.

வேலையோடு பிறந்த சிரமத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சப்வெர்ஷன் போன்ற பழைய கருவிகளில் முழு வரலாறும் ஒரே சர்வரில் இருக்கும். கோயில் நிர்வாகக் குழுவின் கணக்குப் புத்தகம் செயலாளர் வீட்டில் மட்டும் இருப்பது மாதிரி. பரவல் முறைக் கருவிகளில் குழுவிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் முழுப் புத்தகத்தின் நகல் இருக்கும். அவரவர் நகலில் அவரவர் எழுதுவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடி மின்னலில் மோடம் போய்விட்டாலும் வேலை நிற்காது. பழைய வரலாற்றைப் புரட்டலாம், புதிய திருத்தத்தை வரலாற்றில் பதியலாம் (இதுதான் கமிட்), இணையம் வந்ததும் அனுப்பலாம்.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை மூன்று புதிய எண்ணங்கள். கமிட் செய்வது வேறு, மற்றவருக்கு அனுப்புவது வேறு. இரண்டு பேர் தனித்தனியே எழுதினால் வரலாறு இரண்டாகப் பிரியும். அது தவறு அல்ல, இயல்பு. பிரிந்ததை மறுபடி சேர்ப்பதும் அன்றாட வேலைதான். இந்த மூன்றும் கிட்டிலும் உண்டு, மெர்க்குரியலிலும் உண்டு, ஃபாசிலிலும் உண்டு. இவற்றைக் கற்க ஆகும் நேரம் எந்தக் கருவியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ‘அனுப்பினேன் சார், அவளுக்கு வரவில்லை’ என்று சொல்லும் மாணவர் பெரும்பாலும் கமிட் மட்டும் செய்திருப்பார், புஷ் கட்டளையால் அனுப்பியிருக்கமாட்டார். கருவியை மாற்றினாலும் இந்தக் குழப்பம் போகாது.

கிட் தானாகச் சேர்த்த பாரம்

இனி கருவி சேர்த்தது. கிட் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் இது விளங்கும். லினக்ஸ் கெர்னலை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவச உரிமத்தில் பயன்படுத்தினார்கள். 2005 ஏப்ரலில் அந்த இலவச உரிமம் கைவிட்டுப் போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் அதே மாதம் கிட்டை எழுதத் தொடங்கினார்; ஜூனில் வந்த கெர்னல் 2.6.12 கிட்டில்தான் பராமரிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து வரும் திருத்தங்களை வேகமாகச் சேர்க்க வேண்டிய தலைமைப் பராமரிப்பாளருக்குத் தேவையான கருவி அது. புதிதாகக் கற்பவர் அப்போது யார் கண்ணிலும் இல்லை. அதே சிக்கலுக்கு விடையாக, அதே ஏப்ரலில், மாட் மக்கால் மெர்க்குரியலை அறிவித்தார். பாதரசத்தின் வேதியியல் குறியீடு எச்ஜி என்பதால் அதன் கட்டளையும் எச்ஜி என்றே தொடங்கும். ஒரே காரணத்துக்காக ஒரே மாதத்தில் பிறந்த இந்த இரண்டும் கற்பவரிடம் நடந்துகொள்ளும் விதத்தில் வெகுவாக வேறுபட்டன.

முதல் நாளிலேயே தெரிகிற வேறுபாடு, ஸ்டேஜிங் எனப்படும் இடைநிலை மேடை. மெர்க்குரியலில் ஒரு கோப்பை ஒருமுறை ஆட் செய்தால் போதும். அதன்பின் திருத்துவீர்கள், எச்ஜி கமிட் என்பீர்கள், திருத்தம் முழுவதும் உள்ளே போய்விடும். கிட்டில் ஒவ்வொரு முறையும் எந்தத் திருத்தம் போக வேண்டும் என்று ஆட் கட்டளையால் மேடையில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் கமிட் செய்தால், கமிட்டில் சேர்க்க எதுவும் இல்லை என்று கிட் திருப்பி அனுப்பும். இதைவிட மோசமான ஒன்று உண்டு. ஆட் செய்தபின் அதே கோப்பை மறுபடி திருத்திவிட்டுக் கமிட் செய்தால், மேடையில் இருந்த பழைய வடிவம்தான் பதிவாகும். திருத்தியதெல்லாம் போய்விட்டதாக மாணவர் பயந்துவிடுவார். எதுவும் போகவில்லை, அது இன்னும் மேடைக்கு வெளியே கோப்பில் இருக்கிறது. மேடை பெரிய திட்டங்களில் நல்ல கருவிதான். ஒரே கோப்பின் பாதித் திருத்தத்தை மட்டும் தனிக் கமிட்டாகப் பிரிக்கலாம். முதல் வாரத்தில் அது யாருக்கும் தேவையில்லை.

அடுத்தது எண்கள். மெர்க்குரியல் உங்கள் நகலில் உள்ள கமிட்டுகளுக்கு 0, 1, 2 என்று எண் கொடுக்கும். கிட் 40 எழுத்து நீளமான குறியீடு ஒன்றைக் கொடுக்கும். முதல் பார்வைக்கு மெர்க்குரியல் எத்தனையோ இதம். ஆனால் அந்தச் சிறிய எண் உங்கள் நகலுக்கு மட்டுமே சொந்தம். தோழியின் நகலில் 12 என்பது வேறொரு கமிட்டாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் ‘12ஆவது கமிட்டைப் பார்’ என்று அனுப்பியதும் குழப்பம் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் கிட் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுகிறது என்பேன்.

கிளைகளில் கணக்கு மாறுகிறது. பஸாரில் ஒரு கிளை என்பது வட்டில் ஒரு தனி ஃபோல்டர். சின்னப் பிள்ளைக்கும் புரியும். மெர்க்குரியலில் பெயரிட்ட கிளையின் பெயர் ஒவ்வொரு கமிட்டிலும் நிரந்தரமாகப் பதிந்துவிடும். கிட் மாதிரியான லேசான கிளை வேண்டுமென்றால் புக்மார்க் என்ற இன்னொன்றைப் பயன்படுத்த வேண்டும். இரண்டில் எதை எப்போது என்பதே ஒரு தனிப் பாடம். கிட்டின் கிளை ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர்ச்சீட்டு மட்டும். கமிட் போடப்போட அது முன்னே நகரும். வெள்ளைத்தாளில் வட்டங்களும் கோடுகளும் வரைந்து இதை ஒரு மாலையில் கற்பித்துவிடலாம். கிளையைப் பொறுத்தவரை கிட் மூன்றிலும் தெளிவானது என்பது என் தீர்ப்பு.

உண்மையான செங்குத்து ஏற்றம் எங்கே என்றால், தவறைத் திருத்தும் இடத்தில். செய்ததை எப்படிச் செய்யாததாக்குவது? இங்கேதான் கிட் பல ஆண்டுகள் மக்களைப் படுத்தியது. செக்அவுட் என்ற ஒரே கட்டளை கிளை மாறுவதற்கும் பயன்பட்டது, கோப்பில் செய்த திருத்தத்தைத் தூக்கி எறிவதற்கும் பயன்பட்டது. கிளையின் பெயரைக் கொடுத்தால் நல்லது நடக்கும்; கோப்பின் பெயரைக் கொடுத்தால் கேட்காமல் கொள்ளாமல் உங்கள் திருத்தம் அழிந்துபோகும். ரீசெட் என்ற கட்டளைக்கு சாஃப்ட், மிக்ஸ்டு, ஹார்டு என்று மூன்று முகம். ஹார்டு, கமிட் ஆகாத வேலையை அழித்துவிடும். மெர்க்குரியலில் எச்ஜி ரிவர்ட் கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் முன் திருத்திய வடிவத்தை ஒரிஜ் என்ற வாலோடு பக்கத்தில் சேமித்து வைக்கும். கிட் ரிவர்ட் என்பதோ வேறு வேலை: பழைய கமிட் ஒன்றுக்கு எதிரான புதிய கமிட்டை உண்டாக்கும். அதை மெர்க்குரியலில் பேக்அவுட் என்பார்கள். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இடறுவது இங்கேதான்.

வரலாற்றைத் திருத்தி எழுதும் கட்டளைகளை மெர்க்குரியல் தொடக்கத்தில் பூட்டியே வைத்திருக்கும். வேண்டியவர் அமைப்புக் கோப்பில் இயக்கிக்கொள்ள வேண்டும். 2012இல் வந்த 2.1 பதிப்பு முதல், பிறருக்கு அனுப்பிவிட்ட கமிட்டுகளைப் பொது என்று குறித்து, அவற்றைத் தவறுதலாக மாற்றவிடாமல் காக்கிறது. கிட்டில் அந்தக் காவல் உங்கள் கட்டொழுங்குதான். அனுப்பிய கமிட்டுகளை ரீபேஸ் கட்டளையால் திருத்தி எழுதி வலுக்கட்டாயமாக மறுபடி புஷ் செய்தால் தோழர்களின் நகல்கள் குலைந்துபோகும்.

இந்தக் குழப்பம் கற்பவரின் குறை அல்ல என்பதை ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். 2013இல் எம்ஐடியின் சாந்தியாகோ பெரெஸ் டி ரோஸோவும் டேனியல் ஜாக்சனும் கிட்டில் என்ன கோளாறு என்றே கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிட்டின் கருத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை எடுத்துக்காட்டி, மேடை இல்லாத கிட்லெஸ் என்ற மாற்றையும் உருவாக்கினார்கள். கிட்டை நடத்துபவர்களும் சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் செக்அவுட்டின் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள்: கிளை மாற ஸ்விட்ச், கோப்பை மீட்க ரெஸ்டோர். உங்கள் ஆசிரியரோ பழைய புத்தகமோ செக்அவுட் என்று சொன்னாலும் நீங்கள் இந்த இரண்டையே பழகுங்கள். ரெஸ்டோரும் திருத்தத்தை அழிக்கத்தான் செய்யும். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்வீர்கள்.

சுலபமானது ஏன் ஜெயிக்கவில்லை

பைத்தான் மொழியின் கதை இதற்கு நல்ல சான்று. 2009இல் அந்தக் குழு கிட், மெர்க்குரியல், பஸார் மூன்றையும் அக்கு வேறு ஆணி வேறாக ஒப்பிட்டு, பெப் 374 என்ற ஆவணமாகவே எழுதி வைத்தது. குழுவினரிடையே கிட்டின்மேல் இருந்த வெறுப்பும், அப்போது விண்டோஸில் அது நொண்டியதும் அதற்குப் பாதகமாயின. பஸாரைவிட வேகமான மெர்க்குரியலைத் தேர்ந்தார்கள்; 2011இல் அதற்கு மாறினார்கள். 2017 பிப்ரவரியில் கிட்டுக்கும், கிட் திட்டங்களை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கும் போய்விட்டார்கள். கருவி கெட்டுப்போகவில்லை. பங்களிக்க விரும்பியவர்கள் எல்லோரும் கிட்ஹப்பில் இருந்தார்கள்.

மற்றவர்களும் அப்படியே. ஈமாக்ஸ் உரைதிருத்தி 2014இல் பஸாரிலிருந்து கிட்டுக்கு வந்தது. ஜாவாவின் ஓப்பன்ஜேடிகே 2020இல் மெர்க்குரியலை விட்டது. மெர்க்குரியலுக்காகவே 2008இல் தொடங்கிய பிட்பக்கெட் தளம் 2020 ஜூலையில் மெர்க்குரியலை நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸ் கடைசிவரை தாக்குப்பிடித்து 2025இல் கிட்டுக்கு மாறியது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022இல் நடத்திய கருத்தாய்வில் பதில் சொன்னவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கிட் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

இதன் பொருள் நமக்கு என்ன? முதல் வாரம் இதமாக இருப்பதற்காக மெர்க்குரியலைக் கற்றால், சிக்கும்போது கைகொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. விரிவுரையாளருக்குத் தெரியாது, சைபர்ஜெயாவில் வேலை செய்யும் அண்ணனுக்குத் தெரியாது, பயிற்சிக்குப் போகும் அலுவலகத்தில் இருக்காது. ஒரு கருவியைக் கற்கும் சிரமத்தில் பாதி, கேட்க ஆள் கிடைக்குமா என்பதில் அடங்கியிருக்கிறது. கிட்டின் ஏற்றம் செங்குத்துதான். ஆனால் வழியெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும்

ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லாத சில ஏற்றங்கள் நமக்கு உண்டு. அவற்றைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கோப்புக்குப் பொங்கல் என்று தமிழில் பெயரிட்டுவிட்டு கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள். பெயருக்குப் பதில் பின்சாய்கோடும் மூன்று இலக்க எண்ணுமாக 21 தொகுதிகள் வரிசையாக வரும். யூனிகோடில் அந்தச் சொல் ஏழு குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். கிட் அவற்றை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கிட்டின் உலகளாவிய அமைப்பில் கோர் புள்ளி குவோட்பாத் என்பதை ஃபால்ஸ் என்று ஒருமுறை மாற்றிவிட்டால் தமிழ் தமிழாகவே தெரியும். புதுக் கணினியில் கிட்டை நிறுவியதும் நான் முதலில் செய்யும் வேலை இதுதான். மெர்க்குரியலோ விண்டோஸில் கோப்புப் பெயர்களைக் கணினியின் பழைய எட்டு பிட் குறியீட்டு அட்டவணைப்படி கையாண்டது. தமிழுக்கு அங்கே அட்டவணையே இல்லாததால் தமிழ்ப் பெயர்கள் பல ஆண்டுகள் அதில் அல்லல்பட்டன. கற்பவருக்கு எளிய கருவி தமிழருக்கு எளிதாக இல்லாமல் போன இடம் இது.

ஒ, ஓ ஒலிகள் சேரும் எழுத்துகளில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கிட்டுக்கு இரண்டும் வேறு. இருவர் வெவ்வேறு விசைப்பலகையில் தட்டினால், யாரும் தொடாத வரி மாறியதாக வந்து நிற்கும். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரையே இப்படிப் பிரித்து எழுதிவிடும். அதைச் சரிசெய்யவே கிட் மேக்கில் ஒரு தனி அமைப்பை வைத்திருக்கிறது. குழுவில் எல்லோரும் ஒரே தட்டச்சு மென்பொருளை, முரசு அஞ்சலானாலும் சரி, கணினியோடு வரும் அஞ்சல் விசைப்பலகையானாலும் சரி, பயன்படுத்துவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சங்கங்களின் பழைய கோப்புகள் பல யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே ரெப்போவில், அதாவது கோப்புகளும் வரலாறும் சேர்ந்த களஞ்சியத்தில், போட்டால் வேறுபாடு பார்க்கும்போது புரியாத குறிகளாகத்தான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். வேர்ட் கோப்பு வேண்டாம். வரி வரியாக ஒப்பிட முடியாது. வெற்று உரைக் கோப்பில் எழுதுங்கள், வாக்கியத்துக்கு ஒரு வரி வீதம். பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால் ஒரு கமாவை மாற்றினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். கமிட் குறிப்பைத் தமிழில் தாராளமாக எழுதலாம். கிட் அதை யூனிகோடாகவே வைத்துக்கொள்ளும்.

முதல் மாதத்துக்கான வரிசை

முதல் வாரம் தனியாக. நிரலாக்கம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை; பள்ளி விழாவின் நிகழ்ச்சிநிரலை ஓர் உரைக் கோப்பில் எழுதுங்கள். கிட் இனிட், புதுக் கோப்புக்கு ஒரு கிட் ஆட், அதன்பின் கமிட்டோடு ‘ஏ’ என்ற தெரிவைச் சேர்த்துத் தட்டுங்கள். அந்தத் தெரிவு மேடையைத் தாண்டி, மாறிய எல்லாவற்றையும் நேரே கமிட் செய்துவிடும். மெர்க்குரியலின் இதத்தைக் கிட்டுக்குள்ளேயே பெறும் வழி அது. வரலாற்றைக் காட்டும் லாக், வேறுபாட்டைக் காட்டும் டிஃப், இப்போதைய நிலையைக் காட்டும் ஸ்டேட்டஸ் மூன்றையும் அடிக்கடி பாருங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாம் வாரம் கிளை. ஒவ்வொரு முறையும் தாளில் படம் வரைந்துவிட்டுக் கட்டளை கொடுங்கள். கொடுத்தபின் லாக் காட்டும் கிளைப்படத்தோடு ஒப்பிடுங்கள். படம் ஒத்துவராவிட்டால் அங்கேயே நின்று ஏன் என்று பாருங்கள். இதை அவசரப்படுத்துபவர்கள்தான் பிறகு ரீபேஸில் மூழ்குகிறார்கள்.

மூன்றாம் வாரம் தவறுகள். வேண்டுமென்றே செய்யுங்கள். ஒரு பயிற்சி ரெப்போவில் ரீசெட் ஹார்டு கொடுத்துக் கமிட்டைத் தொலைத்துவிட்டு, ரெஃப்லாக் கட்டளையால் மீட்டெடுங்கள். உங்கள் கிளைகள் எங்கெங்கே நின்றன என்ற தடத்தை கிட் இயல்பாக 90 நாள்வரை வைத்திருக்கும். எந்தக் கிளையிலும் சேராமல் கைவிடப்பட்ட கமிட்டுக்கு 30 நாள். கமிட் ஆன எதுவும் லேசில் தொலையாது, கமிட் ஆகாதது எளிதில் தொலையும். இது கைக்குப் பழகிவிட்டால் கிட்டின்மேல் உள்ள பயம் போய்விடும். நான் கற்பிக்கும் வரிசையில் இந்த வாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் சுருக்குவதில்லை.

நான்காம் வாரம் இருவராக. ஒரே வரியை இருவரும் மாற்றி, மோதல் வரவழைத்து, உட்கார்ந்து தீர்த்துவையுங்கள். பிறகு பெரிய ரெப்போ ஒன்றைப் பாருங்கள். எழில் மொழிக் குழுவினர் கிட்ஹப்பில் வைத்திருக்கும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை க்ளோன் கட்டளையால் நகலெடுத்து அதன் லாக்கைப் படிக்கலாம். தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல் எப்படி வளர்ந்தது என்பதும் தெரியும்.

மேடையை, அதாவது முறையான கிட் ஆட்டை, இந்த மாதம் முடிந்தபின் கற்றால் போதும். அப்போது அதன் தேவை தானே புரியும்.

மற்ற கருவிகளை எப்போது எடுப்பது

வேலைக்காக அல்லாமல் ஒரு சிறு குழுவின் சொந்தப் பயனுக்கு என்றால் ஃபாசிலைப் பாருங்கள். எஸ்கியூலைட் தரவுத்தளத்தை எழுதிய ரிச்சர்ட் ஹிப் செய்தது. 2009 முதல் எஸ்கியூலைட்டின் மூலநிரலே அதில்தான் இருக்கிறது. நிறுவ ஒரே ஒரு நிரல். ரெப்போ முழுவதும் ஒரே கோப்பு. விக்கியும் குறைப்பதிவும் உள்ளேயே இருக்கின்றன. கமிட் செய்தால் இயல்பாகவே சர்வருக்கும் போய்விடும் என்பதால், தொடக்கத்தில் சொன்ன ‘அவளுக்கு வரவில்லை’ சிக்கல்கூடக் குறையும். வரலாற்றைத் திருத்தும் ரீபேஸ் அதில் கிடையாது. ஒரு நூலகப் பட்டியலையோ சங்கத்தின் ஆவணங்களையோ நாலு பேர் பராமரிக்க இதைவிட எளியதை நான் காணவில்லை.

கிட் பழகியபின் ஜுஜுட்சுவைத் தொட்டுப் பாருங்கள். கூகுளில் பணிபுரிந்த மார்ட்டின் ஃபான் ஸ்வைக்பெர்க் 2019இல் தொடங்கியது. கிட் ரெப்போவின் மேலேயே இயங்கும், மேடை கிடையாது, நீங்கள் திருத்துவதே ஒரு கமிட்டாகப் பதிந்துகொண்டிருக்கும், எந்தச் செயலையும் அன்டூ கொடுத்துத் திரும்பப் பெறலாம். கிட் தானாகச் சேர்த்த பாரத்தைப் பெருமளவு இறக்கிவைத்த கருவி. ஆனாலும் முதல் கருவியாக இதைப் பரிந்துரைக்கமாட்டேன். சிக்கல் வந்தால் கிட் தெரிந்தவர்தான் அவிழ்க்க முடியும். டார்க்ஸ் என்ற இன்னொரு பரவல் முறைக் கருவி அழகான சிந்தனை, வரலாற்று ஆர்வம் உள்ளவர்கள் படிக்கலாம். பஸாரைப் புதிதாகத் தொட வேண்டாம்.

அடுத்த அத்தியாயம் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது பற்றியது. அதற்கு வருமுன் மூன்றாம் வாரப் பயிற்சியைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.